ஆள் இல்லாமல் விட்ட நிலத்தில் ஆள் கேட்கும் தொழில்: பாகூர், பண்ருட்டிப் பக்கத்து ஃபார்ம் ஸ்டே கணக்கு

பாகூர் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இரண்டு போகம் நெல். பிறகு கரும்பு. கரும்புப் பணம் இழுத்தடிக்க ஆரம்பித்ததும் சவுக்கு. கடைசிச் சவுக்கை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு எதுவும் வைக்கவில்லை. நிலம் கரம்பாகக் கிடக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மகளைக் கடலூரில் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது யாராவது ஒருவர் பேச்சை எடுப்பார்: "சும்மாதானே கெடக்கு, நாலு ரூம் போட்டு ஃபார்ம் ஸ்டே ஆக்கிட்டா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். நிலத்தைப் பிளாட் போட்டு விற்பதைவிட இது மேல் என்பதும் உண்மை. நிலம் குடும்பத்தின் கையிலேயே இருக்கும், மரம் நிற்கும். ஆனால் இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. விவசாயத்தை விட்டதற்கு எந்த வீட்டில் கேட்டாலும் வரும் முதல் பதில், "வேலைக்கு ஆள் கெடைக்கல". ஃபார்ம் ஸ்டேயோ நெல்லைவிட அதிகம் ஆள் கேட்கிற தொழில். நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் வருஷத்தில் சில வாரங்கள் ஆள் தேவைப்படும். விருந்தினர் இருக்கும் ஒவ்வொரு நாளும் காலைக் காபியிலிருந்து ராத்திரி "கொசுவத்தி இருக்குமா" என்ற போன் வரைக்கும் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யாமல் செங்கல் இறக்கும் குடும்பங்கள்தான் பிறகு முழிக்கின்றன.

நிலம் ஏன் கரம்பானது என்பதிலிருந்து தொடங்கலாம். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சும்மா சொன்னதில்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானம் கொடுத்ததைப் பேசுகிறது. ஒரு கல்விச்சாலைக்குச் சோறு போடும் அளவுக்கு விளைந்த மண். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து பாகூர் ஏரியை நிரப்பும். ஆற்றில் தண்ணீர் வரும் நாட்கள் குறைய, எல்லோரும் போர்வெல்லுக்குப் போனார்கள். கடலோரத்தில் போர்வெல்லுக்கு ஓர் எல்லை உண்டு. இறைக்க இறைக்க உப்பு ஏறும்.

கடலூர்ப் பக்கம் வேறு கதை. நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. அந்த அளவுக்குக் கரும்பில் ஊறிய வட்டாரத்தில், வெட்டுக்கூலி ஏறியதும் ஆட்கள் குறைந்ததும் பலரைச் சவுக்கு பக்கம் தள்ளின. சவுக்கு என்பது ஊரில் இல்லாதவர்களின் பயிர்; நட்டுவிட்டு மூன்று நான்கு வருஷம் கழித்து வந்து வெட்டலாம். பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். அங்கே எல்லாக் கதையும் ஒரு தேதியில் இரண்டாகப் பிரியும்: 2011 டிசம்பர் 30, தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், தாத்தா காலத்துப் பலா மரங்களை ஒரே விடியற்காலையில் சாய்த்தது. பலா காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை காத்திருக்க வயது இல்லாதவர்கள் வேறு யோசனைகளுக்குப் போனது இயல்பு.

யார் வந்து தங்குவார்கள்?

சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், கிழக்குக் கடற்கரைச் சாலை, வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி. பெங்களூர்க்காரர்களும் நீண்ட வார இறுதிகளில் வந்து குவிகிறார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் அறை கிடைக்காதபோதோ வாடகை கேட்டு மலைத்தபோதோ தேடல் வெளியே நகர்கிறது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபத்து இரண்டு கிலோமீட்டர்தான். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையும் சேர்ந்துகொள்ள, முன்பு உள்ளடங்கிக் கிடந்த கிராமங்கள் நெடுஞ்சாலையிலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்கு வந்துவிட்டன.

இதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் வார இறுதிக் கூட்டம் மட்டும் போதாது. உள்ளூர்க்காரருக்குத் தெரிந்த இன்னொரு சந்தை இருக்கிறது. திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாளென்றால் ஒரே காலையில் எத்தனை கல்யாணம் என்று எண்ண முடியாது. முந்தின நாள் ராத்திரியே வந்து இறங்கும் உறவினர்களுக்குப் படுக்க இடம் வேண்டும். அவர்கள் நீச்சல் குளம் கேட்பதில்லை. வெந்நீர், சுத்தமான கழிவறை, இரண்டு கார் நிறுத்த இடம், அவ்வளவுதான். வடலூர் தைப்பூசம், சிதம்பரம் ஆருத்ரா தரிசனம், பிச்சாவரம் போகிற குடும்பங்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். சென்னை விருந்தினரை மட்டும் குறிவைத்து வாடகையை ஏற்றி வைப்பவர்கள், வாரநாட்களில் வரும் இந்த ஆட்களை இழக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெல் வயலுக்கு நடுவே மஞ்சள் சுவரும் வெள்ளை வளைவுமாக ஒரு குட்டி பிரெஞ்சு வீதியைக் கட்டும் வழக்கம் பரவுகிறது. அதைப் பார்க்க வருகிறவர் அசலைப் பார்க்க ஊருக்குள்ளேயே தங்கிவிடுவார். நாட்டு ஓடு, திண்ணை, முற்றம், கிணற்றடி, சுட்ட மல்லாட்டை (நிலக்கடலை), கருவாட்டுக் குழம்பு: இவையெல்லாம் நகரத்தில் கிடைக்காது. இருக்கிற பழைய வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் காட்டேஜ் கட்டுவதைப் போன்ற வீண் செலவு இந்தத் தொழிலில் வேறில்லை.

காகிதத்தில் அது இன்னும் நஞ்சைதான்

பத்து வருஷமாகப் பயிர் வைக்காவிட்டாலும் பதிவேட்டில் நிலம் மாறுவதில்லை. நஞ்சை என்று எழுதியிருந்தால் நஞ்சைதான். அதில் தங்கும் விடுதி கட்ட நில உபயோக மாற்றம் வேண்டும். இங்கே பாகூர்–கடலூர் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரி எல்லை நேர்க்கோடாக ஓடவில்லை. துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒரே குடும்பத்தின் ஒரு வயல் பாகூர் கொம்யூனிலும் (புதுச்சேரியின் உள்ளாட்சிப் பிரிவு), வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல் கடலூர் மாவட்டத்திலும் இருப்பது இங்கே அதிசயம் இல்லை. அதனால் முதல் கேள்வியே, அறை எந்தப் பக்கம் வரப்போகிறது என்பதுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்ட பிறகு இந்த விஷயம் இறுகியது. 2017-ல் வேளாண் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதற்கான விதிகள் வந்தன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியர் வரைக்கும் கோப்பு போகும். புன்செய்க்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. கட்டடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள். புதுச்சேரிப் பக்கம் என்றால் 1969-ஆம் ஆண்டின் சட்டம், தனி நகர அமைப்புத் துறை, தொழில் உரிமத்துக்குக் கொம்யூன் பஞ்சாயத்து. நிலப் பதிவேடுகளைப் பார்க்க அங்கே 'நிலமகள்', இங்கே 'தமிழ்நிலம்'. ஒரு பக்கத்து அனுபவத்தை வைத்து மறுபக்கம் போகிறவருக்கு வழிகாட்ட முடியாது.

குடும்பத்தின் பழைய வீடும் மனையும் ஏற்கெனவே நத்தத்தில், அதாவது குடியிருப்பு என்று பதிவான நிலத்தில், இருந்தால் பாதித் தலைவலி போச்சு. வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒழுங்குபடுத்தி ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்து, வயலை வயலாகவே விட்டுவிடலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரை அனுமதிக்கிறது. நிபந்தனை: உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து ஆப்பில் நடத்திவிடலாம் என்று நினைக்கும் மகனுக்கு இந்த வரி பிடிக்காது. ஆனால் தொழிலின் இயல்பை அந்த வரி சரியாகப் பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நிலம் வந்தால் கதை இன்னும் சிக்கலாகும். கடல் மட்டுமல்ல, உப்புநீர் ஏறி இறங்கும் ஆற்றங்கரையும் அதற்குள் வரும். குத்தகைதாரர் உழும் நிலம் என்றால் அவருக்கு இரண்டு பக்கமும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வாய்மொழியாக "விட்டுடுப்பா" என்று முடிக்கிற விஷயம் இல்லை.

மின்சாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டில் பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் கொட்டகையிலிருந்து ஓர் ஒயரை இழுத்து அறைக்கு விளக்குப் போடுவது ஊரில் சாதாரணமாகத் தெரியும். அனுமதி பெறாத உபயோகம் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அபராதக் கணக்குப் போட்டால், ஒரு சீசன் வருமானம் அதிலேயே போகும். அதே போர்வெல் தண்ணீரில் நீச்சல் குளத்தை நிரப்புவதும் அப்படித்தான். உப்பு ஏறும் வட்டாரத்தில் அது அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களின் பகையையும் சேர்த்து நிரப்பும்.

பாகம் பிரித்தாயிற்றா?

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஆனால் கடைசியில்தான் கேட்கப்படுகிறது. கரம்பாகக் கிடக்கும் வரை கூட்டுப் பட்டாவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அண்ணன் ஒருவர் தன் காசைப் போட்டு அறை கட்டி, முதல் வருஷம் நாலு பேர் வந்து போனதும், பெரியப்பா மகனுக்கு நினைவு வரும், தனக்கும் அதில் பாகம் உண்டென்று. மகள்களின் உரிமையும் அப்படியே. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது, மணமாகாதவர்களுக்கு. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் அதை நாடு முழுக்க, மணமானவர்களுக்கும் விரித்தது. கடலூரில் கட்டிக் கொடுத்த மகள் கையெழுத்துப் போடாமல் வங்கி கடன் தராது. தந்தாலும் பிறகு வழக்கு வரும். புதுச்சேரியில் இன்னொரு வகையும் உண்டு: 1881 ஆணைப்படித் தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். அவர்களுக்கு வாரிசுரிமைக் கணக்கே வேறு. நல்ல வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் கட்டடச் செலவில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு உட்பிரிவு செய்துகொள்வது ஒரு வழி. பிரிக்க மனமில்லை என்றால், யார் எவ்வளவு போட்டார்கள், யார் உழைக்கிறார்கள், வருமானம் எப்படிப் பிரியும் என்று கூட்டாண்மை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது இன்னொரு வழி. உழைப்புக்குத் தனிச் சம்பளம் எழுதாத ஒப்பந்தம் நிலைக்காது.

பணத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்காக மூன்று அறை, ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்று வைப்போம். வெள்ளியும் சனியும் சேர்த்து வருஷத்துக்கு நூற்றுச் சொச்சம் இரவு. வடகிழக்குப் பருவமழையையும் கொளுத்தும் சில வாரங்களையும் கழித்தால் 70 இரவு, சராசரியாக இரண்டு அறை நிரம்பினால் 140 அறை இரவு. வரவு 3,50,000. உதவிக்கு ஓர் ஆள் மாதம் 12,000 என்றால் வருஷத்துக்கு 1,44,000. முன்பதிவுத் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்று பிடித்தால் 52,500. சலவை, மளிகை, மின்கட்டணம், பழுது எல்லாம் சேர்த்து 75,000 என்றால் கையில் நிற்பது 78,500. இப்போது அறை கட்ட 15 லட்சம் கடன் வாங்கியிருந்தால்? பத்து வருஷம், பத்து சதவீத வட்டி என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 19,800. வருஷத்துக்கு 2,37,000 சொச்சம். வயலில் இறைத்த நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம். கடன் இல்லாமல், இருக்கிற வீட்டைச் சீர் செய்து, முகூர்த்த நாட்களையும் பிடித்தால்தான் இந்தக் கணக்கு திரும்பும்.

வரியிலும் ஒரு மாற்றம் உண்டு. விளைச்சல் பணத்துக்கு வருமான வரி இல்லை. அறை வாடகை வேளாண் வருமானம் ஆகாது, அது வயலுக்கு நடுவிலேயே இருந்தாலும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் முன்பதிவுத் தளம் வழியாக வரும் விருந்தினரிடம் அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடும். 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம், முன்பு 12. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். ஆரோவில்லுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதை மறந்துவிட முடியாது.

மேலே போட்ட கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதை வீட்டுப் பெண்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். சமைப்பது யார்? காலை இட்லி, மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் சுழியம் என்று விளம்பரத்தில் போட்டாயிற்று. உதவிக்கு வரும் ஆள் பெருக்கித் துடைத்துவிட்டு நான்கு மணிக்குப் போய்விடுவார். ஆக, அம்மாவும் மருமகளும். வயலுக்கு ஆள் வைத்தபோது கூலி எழுதப்பட்டது. இங்கே கூலி எழுதப்படுவதே இல்லை. விவசாயத்தில் தட்டுப்பட்ட ஆள் பற்றாக்குறையை வீட்டுக்குள் இருக்கும் சம்பளமில்லாத உழைப்பு மூடி மறைக்கிறது. அந்த 78,500-ஐ இரண்டு பெண்களின் வருஷ உழைப்பால் வகுத்துப் பார்த்தால் வயல் கூலி அளவுக்குக்கூடத் தேறுமா என்பது சந்தேகம்தான். சாப்பாட்டைத் தனியாகக் கட்டணம் வைத்து, அந்தப் பணம் நேராகச் சமைப்பவரின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி செய்வது கொஞ்சம் நியாயம். பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழுவிடம் சமையலை ஒப்படைப்பது அதைவிட நடைமுறைக்கு ஒத்தது.

வானிலையையும் எண்ணிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் அங்கே அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் ஊருக்குள் புகுந்தது. நெல் மூழ்கினால் ஒரு போகம் போகும். மெத்தையும் ஏசியும் மூழ்கினால் முதலே போகும். டிசம்பர் கடைசிதான் புதுச்சேரியின் உச்ச சீசன் என்பதால் அடி இரட்டிப்பு. தரைமட்டத்தை அந்த வெள்ளக் குறியைப் பார்த்து உயர்த்திக் கட்டுவது அலங்காரச் செலவைவிட முக்கியம்.

சாதகமான பக்கமும் இருக்கிறது: பயிர்க் காலண்டரும் பள்ளி விடுமுறையும் சில இடங்களில் அழகாகப் பொருந்துகின்றன. பண்ருட்டிப் பலா ஏப்ரல், மே, ஜூனில் குவியும். முந்திரிப் பழம் அதற்குச் சற்று முன்னிருந்தே உதிரத் தொடங்கும். கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பலா அறுத்துச் சுளை எடுப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு தேவையில்லை. பாகூர்ப் பக்கம் தை மாதம் அறுப்பு. இங்கேதான் கரம்பை முழுக்கக் கரம்பாக விட்டவர்கள் தோற்கிறார்கள். அறையைச் சுற்றிப் புல்தரையும் செயற்கைக் குடிலும் மட்டும் இருந்தால் அந்த இடம் மகாபலிபுரம் சாலையில் இருந்தாலும் ஒன்றுதான்.

இத்தாலி இதைச் சட்டமாகவே எழுதியது. 1985-ல் அவர்கள் கொண்டுவந்த பண்ணைச் சுற்றுலாச் சட்டத்தின்படி, விருந்தினரைத் தங்கவைப்பவர் விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயமே பிரதானத் தொழிலாகத் தொடர வேண்டும். இந்தியாவில் மகாராஷ்டிரம் 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கிராமப்புறச் சுற்றுலாவைப் பேசுகிறது. மூன்று ஏக்கரில் கால் ஏக்கருக்குள் அறைகளை முடித்துவிட்டு, ஓர் ஏக்கரில் பாரம்பரிய நெல், மீதியில் பாலூர்-1 பலாவும் விருத்தாசலம் ஒட்டு முந்திரியும் வைத்துக் கொஞ்சம் மல்லாட்டையும் போடுவதில் தப்பில்லை. விளைச்சல் விற்பனைக்குச் சந்தை தேட வேண்டாம். வந்து தங்குகிறவரே டிக்கியில் ஏற்றிக்கொண்டு போவார்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று மொத்த நிலத்தையும் நடத்துநர் யாரிடமாவது வாடகைக்கு விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. ஊரில் யாரும் இல்லாத வீட்டுக்கு இது மோசமான யோசனை இல்லை. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுவது ஆபத்து. ஒரு வருஷத்தைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பத்திரச் செலவுக்குப் பயந்து அதைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு வெளியேற்ற முடியாமல் அலைகிறார்கள். காலம் முடிந்ததும் அவர் கட்டிய கட்டடம் யாருக்கு, வெட்டிய மரத்துக்கு யார் பதில் சொல்வது, போர்வெல்லில் எவ்வளவு இறைக்கலாம், செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், புயலில் சேதமானால் வாடகை ஓடுமா நிற்குமா என்பதெல்லாம் பத்திரத்தில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மகளுடைய கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.